சிவப்புக் கோட்டின் கதை

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, வேங்கிக்கால் என்பது ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஒரு ஸ்டாப்பிங். ‘கலெக்டர் ஆபீஸ்லாம் எறங்கு!’ என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் பாதி பஸ் காலியாகிவிடும். இறங்குகிறவர்கள் கையில் ஒரு பை, பைக்குள் பத்திரம், பட்டா நகல், மனு. மற்ற பாதிப் பேர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்களே, அந்த மாவட்டத்தின் மூளை இருப்பது மலையடிவாரத்தில் அல்ல, இந்த வேங்கிக்காலில்.

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும். ஜெராக்ஸ் கடை இருக்கும் இடத்தில் வீட்டு பிளான் போட்டுத் தருகிறவர்களும் இருப்பார்கள். அப்படி ஒரு கடையில் ஒரு நகலுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து கம்ப்யூட்டரில் ஒரு பெண் பிளான் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புத் திரை. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று கோடுகள். தீபாவளிக்கு முந்தின நாள் பட்டாசுக் கடை மாதிரி இருந்தது.

சும்மா இருக்க முடியவில்லை. ‘ஏம்மா, செவுரெல்லாம் சிவப்பா இருக்கே, சிவப்பு பெயின்ட்தான் அடிக்கணுமா?’ என்றேன்.

சிரித்தார். ‘இல்ல சார். சிவப்புன்னா புதுசா கட்டப்போறது. மஞ்சள்னா இடிக்கப்போறது. அப்ரூவலுக்கு அப்படித்தான் போடணும்.’

ஐந்து நிமிஷம் கழித்து வேறொரு பிளானை பிரின்ட் கொடுத்தார். திரையில் சிவப்பாக இருந்த கோடு, காகிதத்தில் கறுப்பாக வந்தது. ‘சிவப்பு எங்கேம்மா போச்சு?’

‘இது மேஸ்திரிக்கு சார். இதுல சிவப்புன்னா மெல்லிசு கோடு. அவ்ளோதான்.’

கவனித்தீர்களா? ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர், ஐந்து நிமிஷ இடைவெளி. ஒரு படத்தில் சிவப்பு என்றால் ‘புதுசு’. இன்னொன்றில் சிவப்பு என்றால் ‘மெல்லிசு’. இந்தச் சிவப்பு எங்கிருந்து கிளம்பி வந்தது என்று தேடிக்கொண்டு போனால், சுமார் இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

* * *

19-ஆம் நூற்றாண்டில் கட்டட வரைபடம் என்பது கிட்டத்தட்ட ஒரு ஓவியம். மையால் கோடு போட்டு, அதற்குள் வாட்டர் கலரால் மெலிதாக வண்ணம் தீட்டுவார்கள். அழகுக்காக அல்ல. ஒவ்வொரு நிறமும் ஒரு பொருள். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு. மரம் என்றால் காவிப் பழுப்பு. பித்தளை என்றால் மஞ்சள். தேனிரும்பு என்றால் பிரஷ்யன் ப்ளூ என்கிற ஆழ்ந்த நீலம். வார்ப்பிரும்பு என்றால் சாம்பல். இங்கிலாந்தில் இதைப் பள்ளிப் பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்துவிட்டுக் கப்பலேறி வந்த இன்ஜினீயர்கள் மூலம் இது இங்கேயும் வந்தது. 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்த நம் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜுக்கு இந்த உலகம் அன்னியமில்லை. ஆக, சிவப்பின் முதல் அர்த்தம் செங்கல்.

அன்றைக்கு மூலப்படத்தை வரைவது மாவு போட்டு மெருகேற்றிய மெல்லிய லினன் துணியில். வேண்டாத படம் கிடைத்தால் மாவைக் கழுவிவிட்டு, துணியைக் கைக்குட்டையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. எத்தனை பாலங்களும் கச்சேரிகளும் இப்படி மூக்கு துடைக்கப் போயினவோ!

இந்த வண்ண உலகத்துக்கு வேட்டு வைத்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி. வேண்டுமென்று செய்யவில்லை. 1842-ல் இரும்பு உப்புகளைக் காகிதத்தில் தடவி, வெயிலில் காட்டினால் காகிதம் நீலமாவதைக் கண்டுபிடித்தார். வெயில் படாமல் கோடு மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கையால் நகலெடுக்க நாட்கள் ஆன படத்தைச் சில நிமிஷங்களில் நகலெடுக்கலாம். இதுதான் ‘ப்ளூ பிரின்ட்’. 1870-களிலிருந்து இது ஆபீஸ்களுக்குள் நுழைந்து, சீக்கிரமே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இன்றைக்கும் ஒரு கட்சி திட்டம் போட்டால் ‘ப்ளூ பிரின்ட் ரெடி’ என்று நாம் தலைப்பு வைப்பது இதனால்தான். அசல் ப்ளூ பிரின்ட்டைப் பார்த்தவர்களை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ப்ளூ பிரின்ட்டில் ஒரு சிக்கல். செங்கல்லும் வெள்ளைக் கோடு, இரும்பும் வெள்ளைக் கோடு. வண்ணம் செத்துப்போச்சு! அப்போது என்ன செய்தார்கள்? நிறம் சொன்ன சேதியைக் கோட்டின் தலையில் ஏற்றினார்கள். சாய்கோடுகள் போட்டு நிரப்பினால் செங்கல், புள்ளி தெளித்தால் கான்கிரீட், விட்டு விட்டு வரும் கோடு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் பகுதி, புள்ளியும் கோடும் மாறி மாறி வந்தால் மையக்கோடு. இன்று எந்த பிளானிலும் இருக்கும் புள்ளிக்கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் பின்னால், ஒரு நகல் மெஷினால் நிறத்தை எடுக்க முடியவில்லை என்கிற சின்ன விஷயம் இருக்கிறது.

பிறகு அம்மோனியா பிரின்ட் வந்தது. வெள்ளைத் தாளில் நீலக் கோடு, கூடவே மூக்கைத் துளைக்கும் வாசனை. ஐம்பது வயது தாண்டிய இன்ஜினீயர்களைக் கேட்டால் அந்த வாசனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

நம் ஊரில் வீடு கட்ட அனுமதி வாங்கும் பிளானுக்கான நிற விதிகள் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கின்றன. முதலில் 1970-ல் வந்தது. 1983, 2005, 2016 என்று திருத்தப்பட்டது. அதில் ஒரு அட்டவணை உண்டு. கட்டப்போவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள் சாய்கோடு, தெரு பச்சை, கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோடு. ‘ஏற்கெனவே இருக்கும் சுவர்’ என்பதற்கு மட்டும் மூன்று நிறம். வெள்ளைத் தாளில் போட்டால் கறுப்பு. ப்ளூ பிரின்ட்டில் போட்டால் வெள்ளை. அம்மோனியா பிரின்ட்டில் போட்டால் நீலம்.

அதே சுவர்தான். எந்தத் தாளில் போய் உட்காருகிறதோ, அதற்குத் தகுந்த சட்டை. எனக்கு இந்த அட்டவணையை எழுதின முகம் தெரியாத அதிகாரி மேல் பெரிய மரியாதை. இன்றைய மென்பொருள்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு பிரச்னையை, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே மூன்று பத்தியில் முடித்துவிட்டார். அது என்ன பிரச்னை என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் லேயர் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

* * *

ஒரு பெரிய கட்டடம் என்றால் சுவர் மட்டுமா? கரன்ட், தண்ணீர், கழிவுநீர், ஏ.சி. குழாய், தீயணைப்பு, டெலிபோன்... எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் கோழி கிளறின மாதிரி இருக்கும். தனித்தனித் தாளில் போட்டால் குழாயும் கரன்ட்டும் எங்கே மோதிக்கொள்கின்றன என்று தெரியாது.

பிளாஸ்டிக் ஃபிலிம் வந்த பிறகு 1970-களில் இதற்கு ஒரு அருமையான வழி செய்தார்கள். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஃபிலிம் தாள்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரே இடத்தில் துளைகள். மேஜையில் ஒரு பட்டை, அதில் குமிழ்கள். அடியில் சுவர்ப் படம், அதன் மேல் கரன்ட் படம், அதன் மேல் தண்ணீர்ப் படம் என்று குமிழில் மாட்டி அடுக்கலாம். இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். எலெக்ட்ரீஷியனுக்கு நகல் வேண்டுமா? தண்ணீர்த் தாளை உருவிவிட்டு நகல் எடு. பிளம்பருக்கா? கரன்ட்டை உருவு.

எதை அடுக்குவது, எதை உருவுவது... விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் வந்தபோது இந்த ஃபிலிம் தாள்தான் ‘லேயர்’ ஆயிற்று.

கம்ப்யூட்டர் திரையில் கோடு போட்டுக் காட்டியவர்களில் முன்னோடி, எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஐவன் சதர்லாண்ட். வருஷம் 1963. ஆனால், சாதாரண ஆபீஸ் மேஜைக்கு அதைக் கொண்டுவந்தது 1982 கடைசியில் வெளியான ஆட்டோகேட். அதில் நிறங்களுக்கு நம்பர் உண்டு. 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 வெளிர்நீலம், 5 நீலம், 6 கத்திரிப்பூ, 7 வெள்ளை.

அன்றைய பிரின்டர் நிஜமாகவே பேனா பிடித்து வரையும் மெஷின். ‘பிளாட்டர்’ என்பார்கள். அதன் தட்டில் வெவ்வேறு தடிமனில் பேனாக்களைச் செருகி வைப்பார்கள். எந்தக் கோட்டுக்கு எந்தப் பேனா என்று மெஷினுக்கு எப்படிச் சொல்வது? நிறத்தை வைத்துத்தான். திரையில் சிவப்பா, முதல் பேனாவை எடு. மஞ்சளா, இரண்டாவதை எடு. எல்லாப் பேனாவிலும் கறுப்பு மைதான். ஆக, திரையில் இருந்த நிறம் நிறமே அல்ல. தடிமனுக்கு வைத்த புனைபெயர்!

பேனா பிளாட்டர்கள் காயலான் கடைக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. பழக்கம் போகவில்லை. வேங்கிக்கால் பெண் ‘சிவப்புன்னா மெல்லிசு’ என்று சொன்னாரே, அவர் பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன ஒரு மெஷினுக்குத்தான் இன்னும் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறார்.

லேயர் பெயர் வைப்பதில் ஆளுக்கொரு தினுசு. சிலர் ‘சுவர்’ என்று வைப்பார்கள்; சிலர் ‘1’; சிலர் ‘புதுசு’, ‘புதுசு2’, ‘கடைசி’, ‘கடைசியோ கடைசி’. இந்த அராஜகம் தாங்காமல் 1990-ல் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கம் ஒரு பெயர்ப் பட்டியலே வெளியிட்டது. முதல் எழுத்து யாருடைய வேலை என்று சொல்லும், அடுத்தது என்ன பொருள் என்று சொல்லும். 1998-ல் சர்வதேசத் தர அமைப்பும் தன் பங்குக்கு ஒரு விதி போட்டது. நம்மூர் ஆபீஸ்களில் ‘கடைசியோ கடைசி’தான் இன்னும் கோலோச்சுகிறது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் கட்டடத்தைக் கட்டுகிறவர்கள் கதை. கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, ஃபோட்டோ எடுத்த பிறகு என்ன ஆகிறது? கட்ட இரண்டு மூன்று வருஷம். அதைக் கட்டிக் காப்பாற்ற ஐம்பது, அறுபது வருஷம். இந்த இரண்டாவது வேலைக்கும் மென்பொருள் வந்தது. பாஸ்டனில் ஆர்க்கிபஸ் என்ற நிறுவனம் ஆரம்பித்ததும் அதே 1982. எந்த அறை யாருக்கு, எத்தனை சதுர அடி, எந்த மெஷினுக்கு எப்போது சர்வீஸ் என்பதையெல்லாம் படத்தோடு சேர்த்து வைக்கிற வேலை.

கட்டினவர் வரைந்த படத்தை, காப்பாற்றுகிறவரின் மென்பொருளுக்கு அனுப்புவதற்குப் ‘பப்ளிஷ்’ செய்வது என்று பெயர். பத்திரிகைக்காரனுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. வேலையும் நம் வேலை மாதிரியேதான்: எதைப் போடுவது, எதை வெட்டுவது.

வரைந்தவருக்கு அளவுக் கோடுகள் முக்கியம். காப்பாற்றுகிறவருக்கு அது குப்பை. அவருக்கு வேண்டியது அறையின் எல்லை, அறை நம்பர், கதவு, வால்வு, ஸ்விட்ச் போர்டு, தீயணைப்புக் கருவி. ஒவ்வொரு அறையையும் சுற்றி ஒரு மூடிய கோடு இருக்க வேண்டும். அந்தக் கோட்டை நம்பரோடு கட்டிப்போட வேண்டும். அப்போதுதான் திரையில் அறையைத் தொட்டால் அதன் ஜாதகம் வரும். இந்த மென்பொருளில் நிறம் என்பது மறுபடியும் வேறு சேதி. எந்த அறை எந்தப் பிரிவுக்கு, எது காலி, எதில் பழுது என்பதை நிறத்தால் நிரப்பிக் காட்டுவார்கள். அதனால் அடியில் இருக்கும் சுவர்ப் படம் அடக்கமான சாம்பல் நிறத்தில் இருந்தால்தான் மேலே போடும் நிறம் பேசும். சுவரே சிவப்பும் மஞ்சளுமாகக் கூச்சல் போட்டால், பழுதான அறையின் சிவப்பு எங்கே தெரியும்?

இப்போது கோடுகளுக்குப் பதில் முழுக் கட்டடத்தையே முப்பரிமாணத்தில் கம்ப்யூட்டருக்குள் கட்டுகிறார்கள். 2000-த்தில் வெளிவந்து, 2002-ல் ஆட்டோகேட் கம்பெனியே வாங்கிக்கொண்ட ரெவிட் அந்த ரகம். அதில் லேயரே கிடையாது. கதவுக்குத் தான் கதவு என்று தெரியும். குழாய்க்குத் தான் குழாய் என்று தெரியும். அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்றால்... இல்லை. வெளியே அனுப்பும்போது, கதவு எந்த லேயருக்குப் போக வேண்டும், என்ன நிறத்தில் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து அட்டவணை போட வேண்டியிருக்கிறது. கறுப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பத்தி போட்ட நம் பழைய அதிகாரியின் வேலை அப்படியே இருக்கிறது.

அந்த அட்டவணையைச் சரியாகப் போடாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஊர், பெயர் வேண்டாம். ஒரு ராத்திரி கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, மருந்து ஸ்டோர் பக்கம் வெள்ளம் போகிறது. டியூட்டியில் இருந்தவர் புதுசு; இளைஞர். கம்ப்யூட்டரைத் திறந்தார். படம் பளிச்சென்று இருக்கிறது. அறை நம்பர் இருக்கிறது, குழாய்கூட இருக்கிறது. மூடுகிற வால்வை மட்டும் காணோம். பெரிதாக்கிப் பார்க்கிறார், சிறிதாக்கிப் பார்க்கிறார், காணவே காணோம். கடைசியில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பிளம்பருக்கு போன் போட்டார்கள். ‘எக்ஸ்ரே ரூமுக்கு வெளியே, தூணுக்குப் பின்னாடி, முட்டிக்கால் உசரத்துல இருக்கும் பாரு தம்பி’ என்றார். இருந்தது.

மறுநாள் ஆராய்ந்தார்கள். வால்வைப் படத்தில் யாரும் விட்டுவிடவில்லை. ஒழுங்காக, தனி லேயரில், சரியான இடத்தில் வரைந்திருந்தார்கள். மஞ்சள் நிறத்தில். வரைந்தவரின் கறுப்புத் திரையில் மஞ்சள் எலுமிச்சம்பழம் மாதிரி மின்னியிருக்கும். பராமரிப்பு மென்பொருளின் பின்னணி வெள்ளை. வெள்ளையில் மெல்லிய மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியுமா? ஆட்டோகேட்டில் 7-ஆம் நம்பர் நிறத்துக்கு மட்டும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. கறுப்புத் திரையில் வெள்ளையாகவும், வெள்ளைத் திரையில் கறுப்பாகவும் தானே மாறிக்கொள்ளும். 2-ஆம் நம்பர் மஞ்சளுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. யாரும் மாற்றிவிட்டால்தான் உண்டு.

அன்றைக்கு நஷ்டம் கொஞ்சம் மருந்து அட்டைப்பெட்டிகளோடு போயிற்று. எனக்கு வேறொரு கவலை: அந்த பிளம்பருக்கு ரிட்டயர்மென்ட் ஆக இன்னும் எத்தனை மாதம்?

* * *

எல்லா ஊரிலும் போன் எடுக்க ஒரு பழைய பிளம்பர் இருப்பதில்லை. பாரீஸ், 2019 ஏப்ரல் 15, மாலை. நோத்ருதாம் தேவாலயத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது. சென்ஸார் வேலை செய்தது; தவறே இல்லை. ஆனால், திரையில் வந்த இடத்தின் பெயர் குழப்பமானது. பார்த்து வரப் போன காவலர் பக்கத்துச் சிறு கட்டடத்தின் பரணுக்குப் போனார். அங்கே நெருப்பு இல்லை. நெருப்பு இருந்தது தேவாலயத்தின் சொந்தப் பரணில், மேலே, பல நூற்றாண்டு வயதான மர உத்தரங்களில். சரியான இடம் எது என்று புரிந்தபோது சுமார் அரை மணி நேரம் போயிருந்தது. கூரையும் கூர்கோபுரமும் போயின.

இதில் இன்னொரு வேதனை. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் அந்தத் தேவாலயத்தை லேஸரால் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். தீ விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2018-ல், அவர் காலமானார். 2024 டிசம்பரில் தேவாலயம் திரும்பத் திறக்கப்பட்டதற்கு அந்தப் புள்ளிகளும் உதவின. நூறு கோடிப் புள்ளி கைவசம் இருந்த அதே கட்டடத்தில், ஒரு பரணுக்குச் சரியான பெயர்ப்பலகை இல்லை!

ஒரு புராதன வழிபாட்டு இடம், எண்ணற்ற மூலைகள், மூலைக்கு ஒரு பெயர், தெரிந்தவருக்கு மட்டுமே தெரிந்த வழிகள். இதைப் படித்ததும் எனக்கு வேங்கிக்காலிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோயில்தான் ஞாபகம் வந்தது.

அருணாசலேஸ்வரர் கோயில் சுமார் 25 ஏக்கர். ஒன்பது கோபுரங்கள். கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் முடித்தது. உள்ளே நடந்தால் அடுத்து வல்லாள கோபுரம். 14-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹொய்சள மன்னன் வல்லாளனின் பெயரில். அதையும் தாண்டினால் கிளி கோபுரம். சோழர் காலத்தது என்பார்கள். வாசலிலிருந்து கர்ப்பக்கிரகம் வரை நடக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ ஐந்தாறு நூற்றாண்டு பின்னால் நடக்கிறார். காலத்துக்கு ஒரு நிறம் என்று பூசிப் பார்த்தால், வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக வரும்.

இந்தக் கோயிலை லேயர் லேயராகப் பிரித்துப் பார்த்த வேலை ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாமல். பாண்டிச்சேரியில் இருக்கும் இரண்டு ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் அறிஞர்கள் திருவண்ணாமலைக்கு வந்து வருஷக்கணக்கில் அளந்தார்கள், படித்தார்கள், கேட்டார்கள். 1989-க்கும் 1999-க்கும் இடையில் ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. ஒன்றில் கல்வெட்டுகள், பதிப்பித்தவர் பி.ஆர்.ஸ்ரீனிவாசன். இன்னொன்றில் கட்டடமும் தொல்லியலும். ஃபிரான்ஸ்வாஸ் லெர்னோவும், பியர் பிஷார் என்ற ஆர்க்கிடெக்டும், ழான் தெலோஷும் சேர்ந்து செய்தது. ஒன்றில் பூஜைகளும் திருவிழாக்களும். ஒன்றில் கோயிலைச் சுற்றிய சமூக அமைப்பு. மாரி லூயிஸ் ரெய்னிஷ் எழுதியது. ஒன்று முழுக்க ஊர்.

இடம் ஒன்றுதான். அறிஞர்கள் ஐந்து ஃபிலிம் தாள் போட்டிருக்கிறார்கள். கல்வெட்டுத் தாளில் தானம் கொடுத்த ராஜா தெரிவான். திருவிழாத் தாளில் அவன் இல்லை, சாமி எந்த வாசல் வழியாகப் புறப்படுகிறது என்பது இருக்கும். கட்டடத் தாளில் கோபுரத்தின் அளவு இருக்கும். யார் அதைத் தாண்டி உள்ளே போகலாம், யார் ஒருகாலத்தில் போக முடியாது என்பது சமூகத் தாளுக்குப் போனால்தான் பேச்சுக்கு வரும். எந்தத் தாளை உருவிவிட்டுப் பார்த்தாலும் கோயில் ‘முழுசாக’வே தெரியும். ஆபத்து அதுதான். இல்லாதது இல்லை என்று எந்தப் படமும் சொல்வதில்லை.

2002-ல் இந்த லேயர்கள் நிஜமாகவே மோதிக்கொண்டன. இந்தியத் தொல்லியல் துறை, கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவித்துத் தன் பொறுப்பில் எடுத்தது. ஊரே எழுந்து நின்றது. கடையடைப்பு, போராட்டம், சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு. கடைசியில் துறை பின்வாங்கி, கோயில் மறுபடி அறநிலையத்துறையிடமே வந்தது. தொல்லியல் துறையின் படத்தில் அது பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம். ஊர்க்காரர்களின் படத்தில் அது ஆறு கால பூஜை நடக்கும் வீடு. இரண்டும் பொய்யில்லை. ஒருவர் போட்ட லேயரை இன்னொருவர் அணைத்து வைத்திருந்தார், அவ்வளவே.

கார்த்திகை தீபத்தன்று பாருங்கள். லட்சக்கணக்கான ஜனம். போலீஸுக்கு வாசல்களும் தடுப்புகளும் உள்ள படம் வேண்டும். மின்வாரியத்துக்கு கேபிள். தீயணைப்புத் துறைக்குத் தண்ணீர் எடுக்கும் இடம். சிவாச்சாரியார்களுக்கு எந்தப் படமும் வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மனசிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி பிளம்பர் மாதிரி.

கட்டடம் மாறும்போது தகவல் தொலைந்துவிடக் கூடாது என்கிற கவலை நமக்குப் புதிதல்ல. கொள்ளிடக் கரையில் திருமழபாடி கோயிலின் கல்வெட்டு ஒன்று ஒரு விஷயம் சொல்கிறது. ராஜராஜ சோழன் அந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டபோது, பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். கட்டி முடித்து, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். கல்லிலிருந்து ஏட்டுக்கு, ஏட்டிலிருந்து மறுபடி கல்லுக்கு. நடுவில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து, எதை எடுப்பது, எப்படி எழுதுவது என்று முடிவு பண்ணியிருப்பார். அவர் விட்டுவிட்டது ஏதாவது இருந்தால், அது அன்றோடு போயிற்று.

* * *

வேங்கிக்கால் கடைக்குத் திரும்புவோம். என் நகல் தயாராகிவிட்டது. ‘கால்’ என்றால் பழைய தமிழில் வாய்க்கால். ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் ஏரியும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் திரையில் இருந்த மனையில், பின்பக்க மூலையில், பென்சிலால் வட்டம் போட்ட ஒரு கைப்படம் மேஜை மேல் கிடந்தது.

‘இது என்னம்மா வட்டம்?’

‘பழைய கெணறு சார். தூந்துபோச்சாம்.’

‘பிளான்ல காணோமே?’

‘ஓனர் வேணாம்னாரு. அதுக்கு லேயரும் போடல.’ கொஞ்சம் யோசித்தார். ‘அது மேலதான் செப்டிக் டேங்க் வருது... போட்டுடலாமா சார்?’

‘போட்டுடும்மா.’

மௌஸை நகர்த்தி ஒரு வட்டம் போட்டார். நிறப் பட்டியலைத் திறந்து, சுட்டியை வரிசையில் இரண்டாவது கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

‘மூடப்போறதுதானே... மஞ்சள் வெச்சிரட்டுமா?’